உணவும் சத்தும்: ஆறு முதல் எட்டு வரை, பிள்ளைகளே ஆராய ஒரு வழிகாட்டி

ஆறாம் வகுப்பு முதல் பருவத்தில் ‘உடல் நலமும் சுகாதாரமும்’ பாடம் வரும்போது பெரும்பாலான பள்ளிகளில் ஒரே காட்சிதான். சார்ட் பேப்பரில் கேரட், ஆப்பிள், பால் டம்ளர் படங்களை ஒட்டி, மேலே ‘சரிவிகித உணவு’ என்று எழுதிச் சுவரில் மாட்டிவிடுவோம். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்ப் பிள்ளைகள் அன்றாடம் சாப்பிடுவது அதில் எதுவும் இருக்காது. காலையில் இட்லி அல்லது பழையது, மதியம் பள்ளிச் சத்துணவு, சாயங்காலம் பெட்டிக்கடையில் 5 ரூபாய் பாக்கெட், விசேஷம் வந்தால் வெள்ளைப் பணியாரமும் கந்தரப்பமும். இவற்றைப் பற்றிப் பிள்ளைகளே கேள்வி கேட்டு, அளந்து, விடை தேடுவதற்கான வழிதான் கீழே இருப்பது.

ஆய்வுவழிக் கற்றல் என்று பயிற்சிகளில் நிறையச் சொல்கிறார்கள். எந்தக் கடிதம் முதலில், எவ்வளவு செலவாகும், எந்த மாதம் தோதுப்படும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. நான் தட்டுத் தடுமாறித் தெரிந்துகொண்டவை இவை. புதிதாக ஆரம்பிக்கும் ஆசிரியர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

1. முதலில் நாட்காட்டியைப் பாருங்கள்

ஜூன் மாதம் வேண்டாம். சேர்க்கை, பாடநூல், எமிஸ் இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவு என்று பள்ளியே அலைமோதும். ஜூலை இரண்டாம் வாரத்தில் தொடங்கி ஆகஸ்ட் கடைசிக்குள் முடிப்பதுதான் வசதி. செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு வந்துவிடும். இன்னொரு காரணமும் உண்டு. ஆடி பிறக்கும்போது பல வீடுகளில் கும்மாயம் கிண்டுவார்கள். உளுந்து, பாசிப்பருப்பு, அரிசி, கருப்பட்டி, நெய் என்று ஒரு பாடமே அந்த வாணலிக்குள் இருக்கிறது. அந்த வாரத்தைத் தவறவிடாதீர்கள்.

ஜூலையில் முடியாவிட்டால் பொங்கல் முடிந்து பிப்ரவரி வரை செய்யலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் அரையாண்டுத் தேர்வும் மாறி மாறி வேலையைக் கெடுக்கும்.

வாரம் இரண்டு பாடவேளை, ஆறு வாரம். இதற்குமேல் நீட்டினால் பிள்ளைகளுக்கே சலித்துவிடும்.

2. காகித வேலை

தொடங்க நினைக்கும் நாளுக்கு மூன்று வாரம் முன்பே இதை ஆரம்பித்துவிடுங்கள்.

தலைமையாசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம்: எந்த வகுப்பு, எந்தப் பாடம், எந்தப் பாடவேளைகள், செலவு யாருடையது, வெளியே போவது உண்டா என்ற விவரங்கள் போதும். ‘ஆய்வுவழிக் கற்றலின் முக்கியத்துவம்’ என்று அரைப்பக்க முன்னுரை எழுத வேண்டாம். ஆனால் ‘மாணவர்கள் அடுப்பருகே செல்லமாட்டார்கள், ரசாயனங்களை ஆசிரியர் மட்டுமே கையாளுவார்’ என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். சமையல், ரசாயனம் என்ற சொற்களைப் பார்த்தால் எந்தத் தலைமையாசிரியருக்கும் கலக்கம் வரும். அந்த வரியைப் படித்த பிறகுதான் பேனாவை எடுப்பார்.

பெற்றோர் ஒப்புதல்: தமிழில், பெரிய எழுத்தில், அரைப்பக்கம். மூன்று விஷயங்களைத் தனித்தனியாகக் கேளுங்கள். பிள்ளை கலந்துகொள்ளலாமா, புகைப்படம் எடுக்கலாமா, எந்த உணவாவது ஒத்துக்கொள்ளாதா (நிலக்கடலை, முட்டை, பால் என்று பெயர் சொல்லியே கேளுங்கள்). புகைப்படத்தையும் கலந்துகொள்வதையும் ஒரே கையெழுத்தில் சேர்த்தால் சில பெற்றோர் இரண்டுக்குமே வேண்டாம் என்றுவிடுவார்கள். நம் பக்கத்தில் அப்பா வெளிநாட்டிலோ வெளியூரிலோ இருப்பது சகஜம். அப்பத்தாவோ, அம்மாவைப் பெற்ற ஆயாவோதான் பார்த்துக்கொள்வார்கள். அவர்களுக்குப் படித்துக் காட்டிக் கைநாட்டு வாங்கினாலும் போதும். பெற்றோரிடம் போனில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். எல்லாத் தாளும் திரும்பி வர ஒரு வாரமாவது ஆகும்.

பள்ளி மேலாண்மைக் குழு: அடுத்த கூட்டத்தில் இரண்டு நிமிடம் பேசி, தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி ஏற்றச் சொல்லுங்கள். பிற்பாடு யாராவது ‘பாடம் நடத்தாம சமையல் பண்றாங்களாம்’ என்று கிளப்பினால் அந்த ஒரு வரி பேசும்.

சத்துணவு மையம்: இங்கே கடிதத்தைவிட நேரில் பேசுவதுதான் பெரிது. அமைப்பாளரிடமும் சமையலரிடமும் முன்கூட்டியே உட்கார்ந்து பேசுங்கள். எங்கள் பள்ளிச் சமையலர் அக்கா முதலில் கேட்டது, “எங்க மேல குத்தம் கண்டுபிடிக்கவா டீச்சர்?” நியாயமான பயம். எடை மெஷினோடு பிள்ளைகள் திடீரென்று போய் நின்றால் யாருக்கும் தணிக்கை மாதிரித்தான் தோன்றும். அதனால் பிள்ளைகளை முதலில் அவரிடமே கேள்வி கேட்கப் போகச் சொன்னேன்: “அக்கா, நீங்க தெரிஞ்சுக்க நினைக்கிறது என்ன?” அவர் யோசிக்கவே இல்லை. “பூசணிக்காய் போட்டா மட்டும் தட்டுல மிஞ்சுது. ஏன்னு கேட்டுச் சொல்லுங்க.” அந்த வருடத்தின் மிக நல்ல கேள்வி அதுதான்.

3. கேள்வியைச் செதுக்குவது

முழு வேலையின் உயிரும் இங்கேதான் இருக்கிறது. இரண்டு பாடவேளையை இதற்கே ஒதுக்குங்கள்.

ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்து, சாப்பாட்டைப் பற்றிக் கேட்க நினைப்பதை எழுதச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம். முதல் சுற்றில் பாடப்புத்தகக் கேள்விகள்தான் வரும்: ‘வைட்டமின் என்றால் என்ன?’ அவற்றை ஒதுக்கிவிடாமல் பலகையில் எழுதிவிட்டு, ‘சரி, இதுக்கு விடை புத்தகத்திலேயே இருக்கு. புத்தகத்தில் இல்லாதது?’ என்று கேளுங்கள். அப்புறம்தான் நிஜக் கேள்விகள் வரும். ரேஷன் அரிசியில் மிதப்பது பிளாஸ்டிக்கா? பணியாரம் ஏன் திகட்டுது? கவுனி அரிசி நல்லதுன்னு ஆயா சொல்றாங்க, நிஜமா?

இவை எல்லாம் அப்படியே ஆய்வுக்கு ஆகாது. ஒவ்வொன்றையும் மூன்று சல்லடையில் போடுங்கள். பள்ளியில் இருக்கும் பொருளால் அளக்க முடியுமா? இரண்டு வாரத்தில் முடியுமா? விடை இப்படியும் வரலாம், அப்படியும் வரலாமா?

கவுனி அரிசிக் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். ‘வெள்ளை அரிசியைவிடச் சத்தா?’ என்பதைப் பள்ளியில் அளக்க வழியில்லை. ஆனால் ‘இரண்டும் வேக எவ்வளவு நேரம், எவ்வளவு தண்ணீர்?’ என்பதை அளக்கலாம். கவுனி ஊறவைத்த தண்ணீரில் எலுமிச்சைச் சாறு விட்டால் நிறம் சிவப்புப் பக்கம் மாறும்; சமையல் சோடா போட்டால் வேறு பக்கம் போகும். நாவல் பழம், ஊதா முட்டைக்கோசில் இருக்கும் ஆந்தோசயனின் வகை நிறமிதான் இதிலும் இருக்கிறது என்று அங்கிருந்து பேசலாம். நிறம் மாறியதால் சத்து நிரூபணம் ஆகிவிடவில்லை என்பதையும் அந்த இடத்திலேயே சொல்லிவிட வேண்டும். பிள்ளைகள் அவசரப்பட்டு முடிவுக்குத் தாவுவது இங்கேதான்.

ரேஷன் அரிசிக் கேள்வி இன்னும் அருமையானது. செறிவூட்டப்பட்ட அரிசியில் 100 கிலோவுக்கு 1 கிலோ என்ற கணக்கில், அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்து அரிசி வடிவில் அச்சிட்ட மணிகளைக் கலப்பார்கள். பார்வைக்குக் கொஞ்சம் வேறாக இருக்கும். ரேஷன் அரிசியை ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று பலர் சந்தேகப்படுவது இதனால்தான். அப்படிக் கலந்த அரிசி கிடைத்தால் நூறு நூறு மணியாக எண்ணிப் பிரிக்கச் சொல்லுங்கள். நூறில் ஒன்று அருகே வருகிறதா? பிரித்த மணியை நசுக்கி, ஊறவைத்து, ஒரு சொட்டு அயோடின் விட்டால் நீலக்கருப்பாகுமா? மாவுச்சத்துக்கு ஆகும், பிளாஸ்டிக்குக்கு ஆகாது. ஊரே பேசும் ஒரு சந்தேகத்தை ஏழாம் வகுப்புப் பிள்ளை சொட்டு மருந்தால் தீர்த்துவிடுகிறது.

எச்சரிக்கை: கேள்வி பலகைக்கு வந்ததும் விடையைச் சொல்லிவிட நமக்கு நாக்கு துறுதுறுக்கும். சொல்லிவிட்டால் அதன்பிறகு அவர்கள் செய்வது ஆய்வு இல்லை, நம் விடைக்கு அலங்காரம்.

குழுவுக்கு நாலு பேர். ஐந்தானால் ஒருவர் வேடிக்கை பார்ப்பார்.

4. சாமானும் செலவும்

சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்று, 500 ரூபாய்க்குள் கிடைக்கும். ஒரு கிராம் வரை காட்டுவது போதும். டிஞ்சர் அயோடின் மருந்துக் கடையில் சின்னப் பாட்டில். காப்பர் சல்பேட் என்பது உரக்கடையில் கிடைக்கும் மயில்துத்தம்தான். ஆனாலும் பக்கத்து உயர்நிலைப்பள்ளி ஆய்வகத்தில் கேட்டு வாங்குவது நல்லது. காஸ்டிக் சோடாவும் அங்கேயே கிடைக்கும். சொட்டு போடும் குழாய்கள், சோதனைக் குழாய்கள், ஒரே அளவுக் கரண்டி இரண்டு, குழுவுக்கு ஒரு கோடு போட்ட நோட்டு. எல்லாம் சேர்த்து 1,000 முதல் 1,500 ரூபாய்க்குள் அடங்கிவிடும். அரசுப் பள்ளி என்றால், அறிவியல், கணிதச் செய்முறைகளைக் காட்ட வரும் வானவில் மன்றக் கருத்தாளர் வரும்போது அவரிடம் இருக்கும் பொருட்களையும் கேட்டுப் பாருங்கள்.

பில் எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டு வையுங்கள். பிள்ளைகளிடம் பணம் வசூலிக்க வேண்டாம். ‘வீட்டிலிருந்து ஒரு பழம் கொண்டு வாங்க’ என்பதும் சில வீடுகளுக்குச் சுமைதான்.

5. அளவு: ஒரு பணியாரம் எவ்வளவு எண்ணெய் குடிக்கிறது?

சோதனைக் குழாய் இல்லாமல் செய்யக்கூடிய ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. வெள்ளைப் பணியாரம் எண்ணெயில் பொரித்தெடுப்பது; சுடுவது பெரியவர் வேலை. வீட்டிலோ பள்ளி அடுப்படியிலோ ஒருவர் ஒத்துக்கொண்டால் போதும். பிள்ளைகள் எடைதான் பார்ப்பார்கள்.

சுடும் முன் எண்ணெயை வாணலியோடு சேர்த்து எடை போடுங்கள். சுட்டு முடித்து, எண்ணெய் முழுக்க ஆறிய பிறகு மறுபடி எடை. வித்தியாசத்தைப் பணியார எண்ணிக்கையால் வகுத்தால் விடை. எடுத்துக்காட்டுக்கு, 80 கிராம் குறைந்து 20 பணியாரம் வந்திருந்தால் ஒன்றுக்கு 4 கிராம். ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கிலோகலோரி, ஆக எண்ணெயிலிருந்து மட்டும் 36. இதையே குழிப்பணியாரத்துக்கும் செய்து இரண்டையும் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

இதில் கணக்கு தவறும் இடங்கள் மூன்று உண்டு. ஒன்று, வடிகட்டிய தாளில் ஒட்டிய எண்ணெய். தாளையும் முன்னும் பின்னும் எடை போட வேண்டும். இரண்டு, வாணலியில் தங்கிய மாவுத் துணுக்கு. மூன்று, மாவின் அளவு. ஒரு கரண்டி என்று சொல்வார்கள். ஒரு வீட்டுக் கரண்டிக்கும் இன்னொரு வீட்டுக் கரண்டிக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஒரே கரண்டியைக் கொடுத்துவிடுங்கள். எங்கள் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, எண்ணெய் சரியாகக் காயும் முன் போட்ட முதல் ஈடு பணியாரங்களைத் தனியாக எடை போடணும் என்று அடம்பிடித்தாள். விட்டுவிட்டேன். அந்தக் குழுவின் நோட்டில் அதற்கப்புறம் எண்ணெய்ச் சூடு என்று ஒரு பத்தியே தனியாக முளைத்தது.

இந்த ஆய்வின் பேரில் ‘பணியாரம் கெட்டது’ என்று எழுத மட்டும் விடாதீர்கள். பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அப்பத்தாவுக்கு வகுப்பு எடுக்கத் தொடங்கிவிடுவார்கள். மறுநாள் வாசலில் அப்பத்தா நிற்பார்.

6. சொட்டுச் சோதனைகள்

மாவுச்சத்துக்கு: அயோடினைத் தண்ணீரில் நீர்த்துச் சில சொட்டு. நீலக்கருப்பு வந்தால் உண்டு. உணவு சூடாக இருந்தால் நிறம் வராது, வந்தாலும் மறைந்துவிடும். நன்றாக ஆறவைத்த பிறகே செய்யுங்கள்.

புரதத்துக்கு: உணவை அரைத்துத் தண்ணீரில் கலந்து, காப்பர் சல்பேட் கரைசல் இரண்டு சொட்டு, காஸ்டிக் சோடா கரைசல் பத்துச் சொட்டு. ஊதா வந்தால் புரதம். 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் காப்பர் சல்பேட், இன்னொரு பாட்டிலில் 100 மில்லிக்கு 10 கிராம் காஸ்டிக் சோடா. இந்த இரண்டையும் நீங்களே தயாரித்து, நீங்களே சொட்டு விடுங்கள். காஸ்டிக் சோடா தோலையும் கண்ணையும் புண்ணாக்கும்.

இங்கே எல்லோரும் மாட்டும் ஒரு பொறி: சாம்பாரையோ குழம்பையோ சோதிக்கக் கொண்டு வருவார்கள். அதிலிருக்கும் மஞ்சள், காஸ்டிக் சோடா பட்டதும் செக்கச் சிவப்பாகும். ஊதாவும் தெரியாது, ஒன்றும் தெரியாது. அதனால் மஞ்சள் சேராத பொருளாக வையுங்கள்: வெந்த முட்டை வெள்ளை, பால், வெறும் பருப்பு, உளுந்து மாவு. ஒரு குழாயில் வெறும் தண்ணீர் வைத்து அதிலும் அதே சொட்டுகள் விட மறக்க வேண்டாம். ஒப்பிட அது இல்லாமல் பிள்ளைகள் எல்லா நீலத்தையும் ஊதா என்பார்கள்.

கொழுப்புக்கு: தாளில் தேய்த்து வெயிலில் காயவையுங்கள். தண்ணீர்க் கறை போய்விடும், எண்ணெய்க் கறை நிற்கும்.

சோதித்த உணவு எதுவும் யார் வாய்க்கும் போகக்கூடாது. சாப்பிடும் தட்டு, சோதனைத் தட்டு இரண்டும் வேறு வேறு நிறத்தில் இருக்கட்டும்.

7. வீட்டுச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கும்போது

‘இன்று காலையில் என்ன சாப்பிட்டாய்?’ என்று வகுப்பில் எழுப்பிக் கேட்காதீர்கள். சாப்பிடாமல் வந்த பிள்ளை பொய் சொல்லும், அல்லது தலை குனியும். கறி, முட்டை, கருவாடு என்று வந்தால் வீட்டு வழக்கம், சாதி எல்லாம் பேச்சோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பெயரில்லாத சீட்டு, ஒரு பெட்டி, வகுப்புக்கு மொத்தக் கணக்கு. இதுவே போதும். உயரம், எடை பார்த்து வகுப்பில் ஒப்பிடுவதும் வேண்டவே வேண்டாம். சீட்டில் திரும்பத் திரும்ப ‘சாப்பிடவில்லை’ என்று வந்தால் அது ஆய்வுத் தரவு இல்லை, தலைமையாசிரியரிடம் பேச வேண்டிய விஷயம்.

வீட்டைத் தொடாமல் செய்யக்கூடியது காலிப் பாக்கெட் ஆய்வு. கடை வாசலில் கிடப்பதைப் பொறுக்கிக் கழுவிக் கொண்டு வரட்டும். உட்பொருள் பட்டியலில் எடையில் அதிகமானது முதலில் வரும். சோடியம் அளவை 2.5 ஆல் பெருக்கினால் உப்பு. 100 கிராமில் 800 மில்லிகிராம் சோடியம் என்று போட்டிருந்தால் 2 கிராம் உப்பு. 20 கிராம் பாக்கெட்டில் 0.4 கிராம். பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கணக்கு ஆசிரியரையும் இதில் சேர்த்துக்கொண்டால் உங்களுக்கு ஒரு பாடவேளை மிச்சம்.

8. எதோடு ஒப்பிடுவது?

இணையத்தில் கிடைக்கும் எண்களை நம்பாதீர்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணையும், 2020-இன் அன்றாடத் தேவைப் பரிந்துரையும் போதும். 10 முதல் 12 வயது வரை ஆண் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 16 மில்லிகிராம் இரும்புச்சத்து, பெண் பிள்ளைக்கு 28. இந்த ஒரு வரியைப் பலகையில் எழுதிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள்; ‘ஏன் டீச்சர் வித்தியாசம்?’ என்ற கேள்வி தானாக வரும். மதிய உணவுக்கு ஆறு முதல் எட்டு வரை வகுப்புகளுக்கான தேசிய அளவுகோல் 700 கிலோகலோரி, 20 கிராம் புரதம். ஒரு முட்டையில் மட்டும் ஏறக்குறைய 6 கிராம் புரதம். மீதி எங்கிருந்து வருகிறது என்பது நல்ல வீட்டுக் கணக்கு.

அட்டவணை பார்க்கும்போது அநேகமாக எல்லாக் குழுவும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. வேகாத அரிசி 100 கிராமுக்கு 350 கிலோகலோரி அளவில் போட்டிருக்கும். அதைச் சோற்றுக்குப் போட்டுவிடுவார்கள். சோறாகும்போது தண்ணீர் சேர்ந்து எடை இரண்டரை மடங்குக்கும் மேலாகிவிடும். கேழ்வரகையும் பாலையும் கால்சியத்துக்கு ஒப்பிடும்போதும் இதே கதைதான்: காய்ந்த மாவும் தண்ணீரான பாலும் ஒரே 100 கிராம் இல்லை.

9. பேச வைப்பது

கடைசி வாரம் ஒரு மாலை, நாலரை மணிக்கு மேல். அதற்கு முன் வைத்தால் கூலி வேலைக்குப் போனவர்கள் வரமாட்டார்கள். குழுவுக்கு ஐந்து நிமிடம். சார்ட்டைப் பார்த்துப் படிக்கக்கூடாது. நோட்டைக் காட்டி, என்ன செய்தோம், எது சரிவரவில்லை என்று சொல்லட்டும். சமையலர் அக்காவுக்கு முன்வரிசையில் நாற்காலி போடுங்கள். பூசணிக் குழு, மிச்சம் விழும் வாளியைத் தினமும் எடை போட்டு, பிள்ளைகளிடம் பெயரில்லாத சீட்டில் காரணமும் கேட்டிருந்தது. பூசணி பிடிக்காதவர்கள் கொஞ்சம் பேர்தான். துண்டு பெரிதாக இருந்தால் குழைந்து கொழகொழவென்று ஆகிவிடுகிறது என்பதே பலர் எழுதியது. அக்கா மறுவாரம் சின்னதாக நறுக்கிப் பார்ப்பதாகச் சொன்னார். வாளியை எடை போட அதே குழு மறுபடி போயிற்று.

நல்ல யோசனை ஏதாவது வந்தால், பள்ளிப் பிள்ளைகளின் புதிய யோசனைகளுக்கு மத்திய அரசு தரும் இன்ஸ்பயர் மானக் விருதுக்கு அனுப்பலாம். யோசனை தேர்வானால், மாவட்டக் கண்காட்சிக்கு மாதிரி செய்ய 10,000 ரூபாய் மாணவர் வங்கிக் கணக்குக்கு வரும். பிள்ளையின் பெயரில் கணக்கு இல்லையென்றால் ஜூலையிலேயே தொடங்கிவிடுங்கள். பெயரின் எழுத்து ஆதாரிலும் பள்ளிப் பதிவிலும் ஒன்றாக இருக்கிறதா என்று அப்போதே சரிபாருங்கள். கடைசி வாரத்தில் முதலெழுத்து ஒன்று மாறியிருப்பது தெரிந்தால் அதைத் திருத்த நேரம் இருக்காது.